ரெண்டுங்கெட்டான் இல்ல... ரெண்டும் கத்தவ!

உங்க காலேஜ் பைக் ஸ்டாண்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க பாஸ். 'டாக்டர்', 'அட்வகேட்', 'பிரஸ்', 'போலீஸ்'னு எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஓட்டுறது யாருன்னு பார்த்தா, நம்ம செகண்ட் இயர் பி.காம் பையன்! அப்பா டாக்டரா இருப்பார், மாமா வக்கீலா இருப்பார், சித்தப்பாவோட ஃப்ரெண்டு ஏதோ பத்திரிகையில இருப்பார். ஸ்டிக்கர் மட்டும் இவன் வண்டியில!

அந்த ஸ்டிக்கர் எல்லாம் ஒரே ஒரு ஆள் படிக்கறதுக்காக ஒட்டினது. டிராஃபிக் கான்ஸ்டபிள். அவர் படிச்சு, 'சரி, போ'ன்னு விடணும். அவ்வளவுதான் மேட்டர்.

ஆனா இன்னொரு வகை அடையாளம் இருக்கு. அதைப் படிக்கப் போறவர் ரோட்டோரத்துல ரத்தத்தோட கிடப்பார். இல்லைன்னா, மயங்கி விழுந்த அம்மாவோட தலையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். வந்து நிக்கிற ஆள் யாரு, இவங்க கையில என் அம்மாவை நம்பிக் கொடுக்கலாமான்னு அவர் மூணு செகண்டுக்குள்ள முடிவு பண்ணணும். அவர் கண்ணு போற இடம், வந்தவங்க தோள்ல தைச்சிருக்கிற அந்த மூணு இஞ்ச் துணி.

இந்த வாரம் அந்த மூணு இஞ்ச் துணியைப் பத்தித்தான் உங்ககிட்ட பேசப் போறேன்.

எனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறீங்களா? தெரியும். நான் தென்காசியில ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில சாயங்காலம் வேலை பார்க்கிறேன். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல நின்னா காத்து ஆளையே தள்ளுமே, அங்கிருந்து கூப்பிடு தூரம். காலையில காலேஜ், சாயங்காலம் நூல்கண்டு. ஸ்கூல் பேட்ஜ், செக்யூரிட்டி சட்டை, கபடி டீம் பனியன், பிளவுஸ்ல மயில்... எல்லாம் தைச்சிருக்கோம். ஓனரை எல்லாரும் 'அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவோம். பஞ்சிங் வேலை என்னோடது. அதாவது, படத்தை மெஷினுக்குப் புரியற மாதிரி தையலா மாத்திக் கொடுக்கணும். எங்கே ஊசி குத்தணும், எங்கே நூலை அறுக்கணும், எந்தக் கலர் முதல்ல... எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சொல்லிக் கொடுத்தாத்தான் அது தைக்கும்.

'ஒரே ஒரு பீஸ் தம்பி'

சாரல் விழுந்துக்கிட்டிருந்த ஒரு சாயங்காலம் ஒரு அக்கா வந்தாங்க. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கடையநல்லூர் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷம் வார்டுல வேலை பார்த்துட்டு, இப்போ மூணு வருஷமா ஆம்புலன்ஸ்ல மருத்துவ உதவியாளர்.

"ஒரு பேட்ச் தைக்கணும் தம்பி. ஒரே ஒரு பீஸ்."

"ஒரு பீஸ்னா பஞ்சிங் கூலியோட சேர்த்து அதிகமாகுமேக்கா."

"ஆகட்டும். நர்ஸ்னும் இருக்கணும், ஆம்புலன்ஸ்னும் இருக்கணும். ரெண்டும் சேர்ந்து ஒரே பேட்ச்ல."

அண்ணாச்சி கண்ணாடியை மேல தூக்கிவிட்டுக்கிட்டு, "டியூட்டி சட்டைக்கா?"ன்னு கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. டியூட்டிக்கு அவங்க கொடுத்த சட்டைதான். இது என் பேக்ல தைச்சுக்க."

ஏன்னு கேட்டதுக்கு அவங்க சொன்னதை அப்படியே தர்றேன்.

"போன மாசம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாவ. 'பொண்ணு நர்ஸா, இல்ல ஆம்புலன்ஸ்ல போறதா?'ன்னு கேட்டாவ. ரெண்டும்தான்னு சொன்னேன். 'அது எப்படி ரெண்டும்?'னு ஒரு சிரிப்பு. அவங்க போனப்புறம் எங்க அத்தையே சொல்லுதாவ, 'ஆஸ்பத்திரியிலயும் இல்லாம, வீட்டுலயும் இல்லாம, ராத்திரியில ரோட்டுல சுத்துற ரெண்டுங்கெட்டான் வேலை, விட்டுரு'ன்னு. வீட்டுல எல்லாரும் வார்டுக்கே திரும்பிப் போன்னு நிக்காவ. நான் ரெண்டுங்கெட்டான் இல்ல தம்பி. ரெண்டும் கத்தவ. அதை ஒரு துணியில தைச்சுக் கொடு."

அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. டீ சொன்னார்.

இருபத்திரண்டு எழுத்து பிரச்சனை

முதல் சிக்கல் வார்த்தையில வந்துச்சு. அவங்க பதவியைத் தமிழ்ல முழுசா எழுதினா 'அவசரகால மருத்துவ உதவியாளர்'. எண்ணிப் பாருங்க, 17 எழுத்து. அதோட 'செவிலியர்' 5 எழுத்து. மொத்தம் 22. பேட்ச் அகலம் மூணு இஞ்ச். எழுத்து அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழே போச்சுன்னா தமிழ் எழுத்துல இருக்கிற சுழி எல்லாம் நூல்ல அடைஞ்சு போயிடும். 'வி' எது 'லி' எதுன்னு கடவுளுக்கும் தெரியாது!

அண்ணாச்சியோட தியரி சிம்பிள்: "தூரத்துல நிக்குறவன் படிக்கணும்னா எழுத்து பெருசா இருக்கணும். எழுத்து பெருசா இருக்கணும்னா வார்த்தை சின்னதா இருக்கணும்."

சரி, ரெண்டையும் சேர்த்துச் சொல்ற ஒரு சின்ன வார்த்தை இருக்கான்னு தேடினோம். 'பாராமெடிக்'? நம்ம ஊர்ல 'பாராமெடிக்கல் கோர்ஸ்'னா லேப் டெக்னீஷியன்ல இருந்து எக்ஸ்ரே எடுக்கிறவர் வரைக்கும் எல்லாரும் அதுக்குள்ள அடக்கம். வெளிநாடுகள்ல 'பாராமெடிக்'னு சொன்னா, ஆம்புலன்ஸ்ல வந்து உயிர் காக்குற பயிற்சி பெற்றவர்னு அர்த்தம். 'பாரா'ன்னா கிரேக்கத்துல 'பக்கத்துல'. பாராசூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை! ஒரே சொல், ஊருக்கு ஊர் வேற அர்த்தம். அமெரிக்காவுல நர்ஸாவும் பாராமெடிக்காவும் ரெண்டு தகுதியும் வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்குன்னே ரெண்டு பேரும் சேர்த்துத் தைச்ச பேட்ச் விக்குது. நமக்கு அந்த ஆள் இருக்காங்க, வேலை இருக்கு, வார்த்தைதான் இல்லை.

நர்ஸுக்கும் பாராமெடிக்குக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க கேட்கலாம். அந்த அக்காகிட்டயே கேட்டேன். "வார்டுல நான் ஒரு நோயாளியோட எட்டு மணி நேரம் இருப்பேன். பேர் தெரியும், கேஸ்ஷீட் இருக்கும், டாக்டர் கூப்பிடு தூரத்துல இருப்பார். ஆம்புலன்ஸ்ல இறங்குறப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது. யார், என்ன ஆச்சு, எத்தனை பேர், பக்கத்துல மின்கம்பி அறுந்து கிடக்கா... எல்லாத்தையும் நானேதான் பாக்கணும். டாக்டர் போன்லதான் இருப்பார்."

ஒண்ணு நிதானமா கவனிக்கிற கல்வி. இன்னொண்ணு நிமிஷத்துல முடிவெடுக்கிற கல்வி. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா என்ன ஆகும்னு கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

சிவப்பு சிலுவை கிடையாது!

வார்த்தை பத்தலைன்னா படம் போடலாம்னு முடிவாச்சு. நான் டக்குனு சிவப்பு சிலுவை படத்தை எடுத்தேன். அக்கா, "அது வேண்டாம் தம்பி, சட்டப்படி தப்பு"ன்னாங்க.

உண்மைதான். சிவப்பு சிலுவை மருத்துவத்தோட பொதுச் சின்னம் இல்லை. 1864 ஜெனீவா உடன்படிக்கையில வந்தது. போர்க்களத்துல காயம்பட்டவங்களைத் தூக்கப் போறவர் மேல சுடாதேன்னு ரெண்டு படைக்கும் சொல்ற சின்னம். சுவிட்சர்லாந்து கொடியோட கலரைத் திருப்பிப் போட்டது. இந்தியாவுல 1960-ம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மத்திய அரசோட அனுமதி இல்லாம அதைப் பயன்படுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப் போர்டு, கிளினிக் கதவு, கார் கண்ணாடின்னு நாம பார்க்கிறதுல பெரும்பாலானது அனுமதி இல்லாததுதான். சும்மா எல்லா இடத்துலயும் ஒட்டினா, நிஜமா தேவைப்படுற இடத்துல அதுக்கு மரியாதை இருக்காது. அதுக்குத்தான் சட்டம்.

அடுத்து ரெண்டு பாம்பு, ஒரு கம்பு, மேல இறக்கை வெச்ச படம். அதுவும் தப்பு! அது கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸோட கோல். அவர் வியாபாரிகளுக்கும் தூதர்களுக்குமான சாமி. மருத்துவத்துக்கான சாமி அஸ்கிளீபியஸ். அவர் கோல்ல ஒரே ஒரு பாம்பு, இறக்கை கிடையாது. அடுத்த தடவை ஏதாவது லோகோ பார்த்தா பாம்பை எண்ணிப் பாருங்க, செம டைம்பாஸ்!

அந்த ஒத்தைப் பாம்புக் கோல் நடுவுல இருக்கிற, ஆறு முனை நீல நட்சத்திரத்தை ஆம்புலன்ஸ் கண்ணாடியில பார்த்திருப்பீங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல ஆம்புலன்ஸ்கள்ல ஆரஞ்சு நிறச் சிலுவை போட்டுக்கிட்டிருந்தாங்க. அது எங்க சின்னம் மாதிரியே இருக்குன்னு 1973-ல அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபிச்சது. அப்போ அரசோட அவசர மருத்துவப் பிரிவுல இருந்த லியோ ஸ்வார்ட்ஸ் என்பவர் உருவாக்கினதுதான் இந்த 'உயிர் நட்சத்திரம்'. 1977-ல பதிவு பண்ணினாங்க. ஆறு முனைக்கும் ஆறு அர்த்தம்: ஆபத்தைக் கண்டுபிடிக்கிறது, தகவல் சொல்றது, விரைஞ்சு வர்றது, அந்த இடத்துலயே சிகிச்சை, போற வழியில சிகிச்சை, ஆஸ்பத்திரியில ஒப்படைக்கிறது. இந்த ஆறையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

நர்ஸுக்கு என்ன சின்னம்? விளக்கு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில இருந்த விளக்கு. இதுலயும் ஒரு ட்விஸ்ட். படங்கள்ல அலாவுதீன் விளக்கு மாதிரி போடுறாங்களே, நிஜத்துல அவங்க வெச்சிருந்தது துருக்கி நாட்டு மடக்கு லாந்தர். துணி மடிப்பு மடிப்பா இருக்கும், நம்ம ஊர் கார்த்திகைக் கூண்டு மாதிரி. "அப்போ சரியான விளக்கையே போட்டுருவோமா?"ன்னு கேட்டேன். அக்கா யோசிக்காம சொன்னாங்க: "வேண்டாம். சரியான விளக்கு யாருக்கும் புரியாது. பாக்குறவங்களுக்குப் புரியறதைப் போடு."

பாருங்க, பேட்ச் போட்டுக்கிறவங்களுக்காக இல்லை, பார்க்கிறவங்களுக்காகன்னு அவங்களுக்கு எவ்வளவு தெளிவா தெரிஞ்சிருக்கு!

நைட்டிங்கேலே இதைச் செஞ்சிருக்காங்க. 1854-ல 38 பெண்களோட அவங்க இன்னைக்கு இஸ்தான்புல்ல இருக்கிற ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பட்டாளத்துக்கு நடுவுல பெண்கள் தெருவுல நடமாடினா யாரு என்னன்னு கேட்கிற காலம். அதனால ஒவ்வொருத்தருக்கும் தோள்ல போட்டுக்க ஒரு துணிப் பட்டை. அதுல சிவப்பு நூல்ல 'ஸ்குட்டாரி ஆஸ்பத்திரி'ன்னு எம்பிராய்டரி! அதைப் பார்த்ததும் இவங்க யாருன்னு சிப்பாய்க்குப் புரியணும். ராத்திரியில வேலைக்குப் போற ஒரு பெண்ணை 'யாரு இவ?'ன்னு கேட்கிற வாயை ஒரு நூல் வேலை அடைச்சிருக்கு. 170 வருஷம் கழிச்சு, கடையநல்லூர் அக்காவும் கிட்டத்தட்ட அதே துணியைத்தான் கேட்டு எங்க கடைக்கு வந்திருக்காங்க.

ஐம்பது கிலோமீட்டர் வார்டு

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008 செப்டம்பர்ல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2005 ஆகஸ்ட்ல ஹைதராபாத்ல ஆரம்பிச்ச திட்டம். ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டுநர், ஒரு மருத்துவ உதவியாளர். ஆள் எடுக்கிற விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க: பி.எஸ்சி. நர்சிங், டிப்ளமா நர்சிங் படிச்சவங்க மட்டுமில்ல, விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி படிச்சவங்களும் வரலாம். தேர்வானப்புறம் அவசர சிகிச்சைப் பயிற்சி தருவாங்க. ஆக, ஆம்புலன்ஸ்ல வர்ற எல்லாரும் நர்ஸ் இல்லை. நர்சிங்கும் படிச்சு, இந்தப் பயிற்சியும் முடிச்சவங்கதான் நம்ம 'ரெண்டும் கத்தவங்க'.

குற்றாலத்துல சீஸன்னா உங்களுக்கே தெரியும். மெயினருவியில பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணி கொட்டுறப்போ ஒரு பக்கம் விசில், ஒரு பக்கம் கூட்டம். பாறை எல்லாம் பாசி. ஒரு கையில எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில மொபைல். வழுக்கி விழுந்தவரை நாம என்ன பண்ணுவோம்? நாலு பேர் கையும் காலுமா தூக்குவோம். பாசத்துல செய்யறதுதான். ஆனா கழுத்து எலும்புல அடி இருந்தா அந்தத் தூக்குலயே காலத்துக்கும் எழுந்திருக்க முடியாமப் போகலாம். வர்றவங்க முதல்ல செய்யறது கழுத்தை அசையாம பிடிச்சு பட்டை கட்டி, பலகையில நகர்த்துறது. தண்ணியில மூழ்கினவருக்கு முதல் பிரச்சனை மூச்சு. நெஞ்சை அழுத்துறதோட மூச்சும் கொடுத்தாகணும். இதெல்லாம் நிமிஷக் கணக்கு.

2024 மே 17-ம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சீஸனே தொடங்காத நேரம். பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தரை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நம்ம வயசு. அருவி அழகா இருக்கிற இடத்துல ஆபத்தும் அதே பாறையிலதான் உட்கார்ந்திருக்கு.

குற்றாலத்துல இருந்து தென்காசி பெரியாஸ்பத்திரி அஞ்சு கிலோமீட்டர்தான். சட்டுனு போயிடலாம். ஆனா அங்கிருந்து 'ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க'ன்னு எழுதிட்டா? பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி, திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆயிடுச்சு. ஆனா பெரிய கேஸுன்னா இன்னும் அந்த ரோடுதான்.

அந்த ரோட்டுலதான் ரெண்டு படிப்பும் ஒண்ணு சேருது. அக்கா சொன்ன ஒரு ராத்திரி: பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறப்போ ஆலங்குளத்துக்கு முன்னாடியே வலி முத்திடுச்சு. வண்டியை ஓரமா நிறுத்தச் சொன்னது, கூட வந்தவங்களை இறக்கினது, அடுத்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்னு கணக்குப் போட்டு 'போக வேண்டாம், இங்கேயே'ன்னு முடிவெடுத்தது - அது பாராமெடிக். குழந்தையைத் துடைச்சு அம்மா நெஞ்சு மேல போட்டு, சூடு குறையாம போர்த்தி, அடுத்த அரை மணி நேரமும் ரத்தப்போக்கு கூடுதான்னு வயித்தை அழுத்திப் பார்த்துக்கிட்டே வந்தது - அது நர்ஸ். "முதல் அஞ்சு நிமிஷம் ஒருத்தியா இருந்தேன், அடுத்த அரை மணி நேரம் இன்னொருத்தியா இருந்தேன். ஆள் ஒண்ணுதான்"னாங்க.

ஓடுற ஆம்புலன்ஸ், ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வார்டு. ஒரே ஒரு பெட். ஒரே ஒரு நர்ஸ். டாக்டர் போன்ல.

இது நம்ம ஊர் அதிசயம் மட்டும் இல்லை. நெதர்லாந்துலயும் சுவீடன்லயும் ஆம்புலன்ஸ்ல வர்றது பதிவு பெற்ற நர்ஸ்தான். அங்கே யாரும் 'ரெண்டுங்கெட்டான்'னு சொல்றதில்லை. அமெரிக்காவுலயே ஒரு காலத்துல நோயாளியைப் போலீஸ் வேன்லயும், பிணம் கொண்டு போற வண்டியிலயும் தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் போனாங்க. 1967-ல பிட்ஸ்பர்க் நகரத்துல டாக்டர் பீட்டர் சாஃபர், வேலை கிடைக்காம இருந்த கறுப்பின இளைஞர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸை ஆரம்பிச்சார். இன்னைக்கு நாம சொல்ற பாராமெடிக் வேலைக்கு வழி காட்டினவங்கள்ல அவங்க முக்கியமானவங்க. தெருவுல யாரும் மதிக்காத பசங்கதான் தெருவுல உயிர் காப்பாத்தக் கத்துக்கிட்டாங்க. எந்த ஊரா இருந்தாலும் இந்த வேலைக்கு மரியாதை கொஞ்சம் லேட்டாத்தான் வருது போல!

அண்ணாச்சி கேட்ட சான்றிதழ்

டிசைன் முடிஞ்சது. ஆனா அண்ணாச்சி மெஷினை ஆன் பண்ண விடலை. "சர்டிபிகேட் காட்டும்மா"ன்னுட்டார். எனக்குச் சங்கடமா இருந்துச்சு. அக்கா கோபப்படவே இல்லை. நர்சிங் கவுன்சில் பதிவையும், ஐ.டி. கார்டையும் மொபைல்ல காட்டினாங்க.

அண்ணாச்சி சொன்னது நியாயம்தான். மூணு இஞ்ச் துணியை யார் வேணும்னாலும் தைச்சுக்கலாம். அதைத் தைச்சதால யாரும் நர்ஸ் ஆயிட முடியாது. தமிழ்நாட்டுல நர்ஸுகளைப் பதிவு பண்ற சட்டம் 1926-லயே வந்துடுச்சு. தேசிய அளவுல நர்ஸுகளுக்குன்னு 2023-ல ஒரு புதுச் சட்டம். அவசர சிகிச்சைப் பாராமெடிக் வேலையோ 2021-ல வந்த இன்னொரு சட்டத்தோட பட்டியல்ல இருக்கு. ஆக, இந்த ரெண்டு வேலைக்கும் ரெண்டு சட்டம், ரெண்டு பதிவேடு. சட்டப் புத்தகத்துலயும் அக்கா ரெண்டு பக்கத்துல நிக்கிறாங்க. மூணு இஞ்ச் துணியிலதான் ஒண்ணா நிக்கிறாங்க.

"பொய் பேட்ச் போட்டவனை நம்பி ஒருத்தன் உயிரைக் கொடுத்தா, அந்தப் பாவத்துல தைச்சவனுக்கும் பங்கு உண்டுல"ன்னார் அண்ணாச்சி. பைக் ஸ்டாண்டுல ஸ்டிக்கர் ஒட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, கொஞ்சம் யோசிங்க பாஸ்.

கடைசியில தைச்சது இதுதான்: வெள்ளை ட்வில் துணி. நடுவுல நீல நட்சத்திரம். அதுக்குக் கீழே மஞ்சள் சுடரோட விளக்கு. மேல வளைவா 'செவிலியர்'. கீழ வளைவா 'அவசர சிகிச்சை'. 22 எழுத்து 13 எழுத்தாச்சு. "எது மேல வரணும்?"னு கேட்டேன். "செவிலியர் மேல. நான் அங்கேதான் ஆரம்பிச்சேன்"னாங்க.

பத்தாயிரம் தையல் கிட்ட. நிமிஷத்துக்கு 700 குத்து. கலர் மாத்துற நேரத்தோட இருபது நிமிஷத்துல முடிஞ்சது. ஓரத்துக்கு ஓவர்லாக் அடிச்சு, பின்னால இருந்த பேப்பரைக் கிழிச்சு, அண்ணாச்சியே கையில கொடுத்தார். பஞ்சிங் கூலி வாங்கலை. நூலுக்கு மட்டும் வாங்கிக்கிட்டார். அவர் அப்படி விட்டு நான் பார்த்ததே இல்லை!

"வார்டுக்குத் திரும்பப் போறீங்களாக்கா?"ன்னு கேட்டேன்.

"தெரியல தம்பி. ஆனா அதை நான்தான் முடிவு பண்ணணும். பொண்ணு பாக்க வாரவங்க இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற ஒரு இடத்துல இருந்து வாராவ. இந்த பேக் ஹால்லதான் கிடக்கும்!"

உங்க பங்கு ரெண்டு முனை

ஆறு முனையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, இப்போ அதுக்கு வர்றேன். ஆபத்தைக் கண்டுபிடிக்கிறது, தகவல் சொல்றது - இந்த முதல் ரெண்டு முனையும் நர்ஸோடதும் இல்லை, பாராமெடிக்கோடதும் இல்லை. பக்கத்துல நிக்கிற நம்மளோடது! நாம 108-ஐக் கூப்பிடாத வரைக்கும் மத்த நாலு முனையும் ஷெட்டுலதான் நிக்கும்.

அதனால சில விஷயம். கூப்பிடுறப்போ ஊர் பேர் மட்டும் சொல்லாதீங்க, அடையாளம் சொல்லுங்க. 'குற்றாலம் அருவி'ன்னா எந்த அருவி? மெயினருவியா, ஐந்தருவியா, பழைய குற்றாலமா? ஒருத்தர் ரோட்டுக்கு வந்து நின்னு வண்டிக்குக் கை காட்டுங்க. விழுந்தவரை இழுக்காதீங்க. மயக்கத்துல இருக்கிறவர் வாயில சோடா, தண்ணி எதையும் ஊத்தாதீங்க. எத்தனை மணிக்கு ஆச்சு, சுகர், பி.பி. மாத்திரை சாப்பிடுறாரா - இதைச் சொல்லுங்க. உதவி பண்ணினா போலீஸ், கேஸ்னு அலையணுமேன்னு பயப்படாதீங்க. விபத்துல உதவுறவங்களுக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே பாதுகாப்பு கொடுத்திருக்கு.

வண்டி வந்து நின்னதும் நம்ம ஆளுங்க முதல்ல கேட்கிறது என்ன தெரியுமா? "டாக்டர் எங்கே?" டாக்டர் இல்லைன்னதும் முகம் மாறும். அப்போ ஒரு செகண்ட், வந்தவங்க தோளைப் பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு படிங்க. வழி விடுங்க. 'ஏம்மா', 'இந்தாப்பா'ன்னு கூப்பிடாம 'சிஸ்டர்'னோ 'சார்'னோ கூப்பிட்டுப் பாருங்க. காசா பணமா?

கடைசியா ஒண்ணு. உங்க க்ளாஸ்ல பி.எஸ்சி. படிக்கிற யாராவது 'நான் ஆம்புலன்ஸ்ல வேலைக்குப் போகலாம்னு இருக்கேன்'னு சொன்னா, சிரிக்காதீங்க. எங்க கடை அட்ரஸ் கொடுங்க. சர்டிபிகேட்டோட வரச் சொல்லுங்க. டிசைன் கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கு, பஞ்சிங் கூலி கிடையாது!